மிதக்கும் நிலையில் பழுதுபார்த்தல்

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக மேலே போவதும் கீழே வருவதுமே பிழைப்பு. ஐம்பதைத் தொட்ட வருடம், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "கொஞ்ச நாளாவது பக்கவாட்டுல போய்ப் பார்க்கணும்" என்றார். மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். கேட்ட மாத்திரத்தில் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஆறு மாதம் கழித்து இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார்கள். நீளவாக்கில் பத்து எட்டு வைத்தால் படகு முடிந்துவிடும். ஒரு பாய்மரம், சின்னதாக ஓர் எஞ்சின், காலை மடக்கிக்கொண்டு படுக்க இரண்டு பலகை, ஒரு அடுப்பு. வாங்கியது பெரிய விஷயமில்லை. கட்டி வைக்க இடம் வேண்டுமே! அந்தக் கடற்கரையில் இருந்தது ஒரே ஒரு படகுத்துறை. அது பாய்மரப் படகு உரிமையாளர் கிளப்பின் கையில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஐந்து பேர். நிர்வாகக் குழு என்று பெயர்.

குழுத் தலைவருக்குக் கமடோர் என்று பட்டம். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, தோளில் நாலு தங்கப் பட்டை, தலையில் நங்கூரம் பொறித்த தொப்பி. வார நாட்களில் மெத்தைக் கடை வைத்திருந்தார். அவர் கடைசியாக எப்போது கடலுக்குப் போனார் என்று கேட்பது கிளப்பில் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

கிளப்பில் சேர்ந்த முதல் மாதம் படகுக்குப் பெயர் வைக்க மனுக் கொடுத்தார்கள். பெயர் சூட்டும் துணைக்குழு அதைத் திருப்பி அனுப்பியது. பெயரில் அடக்கம் போதவில்லையாம். வேறு பெயர் கொடுத்தார்கள். அதில் அடக்கம் அதிகமாம், கிளப்பின் கௌரவத்துக்கு ஒத்துவராதாம். பெயரில்லாத படகு துறையில் நிற்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. ஆகவே செயலாளரே ஒரு வழி சொன்னார். அதன்படி படகின் பின்புறத்தில் நீல எழுத்தில் 'பெயர் பரிசீலனையில்' என்று எழுதினார்கள். பக்கத்துப் படகுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல பெயர், தனக்குத் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார்.

இத்தனைக்கும் நடுவே மூன்று சனிக்கிழமை கடலுக்குப் போய் வந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இவர்கள் எதற்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டார்கள் என்று புரியாது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் எஞ்சினை அணைப்பார். பாய் இரண்டு தரம் படபடத்துவிட்டுக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது, படகின் பக்கவாட்டில் தண்ணீர் உரசும் சத்தத்தைத் தவிர. மனைவி சுக்கானைப் பிடித்தபடி, வார்டில் யார் யார் என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவாள். கரை ஓரமாகவே போய், மணல்திட்டு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஒரு முறை பாதி வழியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னங்க, யாருமே நம்மளக் கூப்பிடல பாத்தீங்களா?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இன்னும் நாற்பது மனு எழுதத் தயாராக இருந்தார்.

நாலாவது சனிக்கிழமை காலையில் படகுக்குள் இறங்கியவர் கணுக்கால் வரை நனைந்தார்.

தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் சூடாகாமல் இருக்க, படகின் அடியில் உள்ள ஓட்டை வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்துச் சுற்ற விடுவார்கள். அந்த ஓட்டையின் வால்வில் ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம் துருவேறி இற்றுப் போயிருந்தது. வளையத்தைச் சுற்றிலும் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. வால்வை மூடலாம் என்றால் அது திறந்தபடியே இறுகிக் கிடந்தது.

"பெரிய வேலையா?" என்று மேலிருந்து கேட்டாள் மனைவி.

"அட, ஒண்ணுமில்ல. குழாய் நுனிய ரெண்டு விரக்கடை வெட்டிட்டு, புது வளையம் போட்டு முறுக்கினா முடிஞ்சது. நீ டீ போடறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

கருவிப் பெட்டியைத் திறந்தார். திறந்த சத்தம் அடங்குவதற்குள் துறை மேடையில் விசில் கேட்டது. காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், பெட்டிய மூடுங்க! மூடுங்க சார்! மிதக்கும் நிலையில் பழுதுபார்த்தல் கூடாது. அனுமதி வேணும்."

"மிதக்கலேன்னாதான் அனுமதி வேணாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். செயலாளரப் பாருங்க. நான் பிள்ளகுட்டிக்காரன்."

மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இறைக்கிறேன்."

செயலாளர் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. சிறப்பாகக் கட்டப்பட்ட படகு, சிறப்பாகக் கழுவப்பட்ட படகு, சிறப்பாக மடிக்கப்பட்ட பாய் என்று வருடாவருடம் கொடுப்பது. செயலாளர் மூன்று தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தார்.

"பழுதா, பராமரிப்பா, மாற்றமா?"

"வளையம் இத்துப் போச்சு சார். வேற போடணும்."

"இத்துப் போச்சுன்னா பழுது. வேற போடறதுன்னா மாற்றம். ஏன் இத்துப் போச்சு? பராமரிக்கல. அப்போ மூணுமே எழுதணும்." அவர் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். "இதோட சோதனைச் சான்று வைக்கணும். சோதனை பண்றதுன்னா, படகு ஒரு நடை கடலுக்குப் போய் நல்லபடியா திரும்பி வரணும்."

"ஓட்டையோடயா?"

"பழுது இருக்கிற படகக் கடலுக்கு அனுப்ப முடியாதே. பாதுகாப்பு விதி இருக்கு."

"அப்போ எப்படி சார் சான்று வாங்கறது?"

செயலாளர் முகம் மலர்ந்தது. நல்ல மாணவனைக் கண்ட வாத்தியார் முகம். "அதேதான்! பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எல்லாரும் இந்த இடத்துல கத்திட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா கேள்வி கேட்டிருக்கீங்க."

கேள்வி நல்ல கேள்வி என்பதால் அவசரக் குழுக் கூட்டத்துக்கு ஏற்பாடானது.

இதற்கிடையில் படகில் வேறொரு தகராறு. மனைவி ஏழாவது வாளியைக் கடலில் கொட்டியபோது காவலாளி மறுபடி விசிலை எடுத்தார்.

"அம்மா, துறைக்குள்ள கழிவுநீர் ஊத்தக் கூடாதும்மா."

"கழிவுநீரா? இது கடல் தண்ணிங்க. இப்போதான் அங்கேருந்து இங்க வந்துச்சு."

"உள்ள வந்துட்டா அது படகுத் தண்ணிம்மா. விதியில அப்படித்தான் போட்டிருக்கு."

அவள் இருபது வருடமாக நோயாளிகளின் உறவினர்களைச் சமாளித்தவள். குரலை உயர்த்தவில்லை. "சரி. அப்போ நீங்களே எங்க ஊத்தணுமோ அங்க ஊத்திட்டு வாங்க" என்று வாளியை நீட்டினாள். காவலாளி நல்ல மனிதர். வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் அலுவலகக் கழிவறையில் ஊற்றினார். அந்தக் கழிவறைக் குழாய் நேராகத் துறைக்குள்தான் விழுகிறது என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். குறிப்பேட்டில் மட்டும் இல்லை.

அவசரக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. கமடோரின் தொப்பி சலவையிலிருந்து வர வேண்டியிருந்தது. குழுவில் கமடோரையும் செயலாளரையும் தவிர தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர். ஓய்வு பெற்ற வக்கீல். மற்ற இருவருக்குத் தனிப் பொறுப்பு கிடையாது. ஒருவர் எல்லாவற்றையும் முன்மொழிவார். இன்னொருவர் எல்லாவற்றையும் வழிமொழிவார். பல வருடப் பழக்கத்தில் அவர்களுக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கமடோர் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். கமடோர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள்.

"நம்ம கிளப் தொடங்கி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்று ஆரம்பித்தார். "இந்த முப்பத்தெட்டு வருஷத்துல நம்ம படகு ஒண்ணுகூட புயல்ல மாட்டினது கிடையாது. பாறையில மோதினது கிடையாது. திசை தெரியாம அலைஞ்சது கிடையாது. எப்படி முடிஞ்சுது? முடிஞ்சவரைக்கும் கட்டின கயிற அவுக்கவே விடல. இதுதான் கட்டுப்பாடு! இன்னிக்கு ஒருத்தர் ஸ்பேனர் எடுப்பார். நாளைக்கு இன்னொருத்தர் பாய விரிப்பார். அப்புறம் ஆளாளுக்குக் கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டா, கிளப்புல யார் இருப்பாங்க?"

"வழிமொழிகிறேன்" என்றார் வழிமொழிபவர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் முன்மொழியவே இல்லய்யா" என்று அதட்டினார் முன்மொழிபவர்.

"சார், தண்ணி ஏறிட்டிருக்கு" என்றார் மெக்கானிக்.

தொழில்நுட்ப ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "தண்ணி படகுக்குள்ள வருதுன்னு நீங்க சொல்றீங்க. படகு தண்ணிக்குள்ள போகுதுன்னும் இதையே சொல்லலாம் இல்லையா? முதல்ல எது எதுக்குள்ள அத்துமீறி நுழைஞ்சுதுன்னு தீர்மானிக்கணும். கடலயும் ஒரு தரப்பா சேர்க்கணும்னு நான் நினைக்கிறேன்."

கடலுக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது என்பதில் அரை மணி நேரம் போனது. கடைசியில் நேரில் பார்வையிடுவது என்று முடிவாயிற்று.

ஐவரும் வரிசையாக மேடையில் நடந்து வந்து, கமடோர் முன்னே செல்ல, படகில் ஏறினார்கள். ஐந்து பேரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். படகு நாலு விரற்கடை அமிழ்ந்தது. உள்ளே பொங்கிக்கொண்டிருந்த தண்ணீர் பீறிட்டது.

"ஏறின உடனே நிலைமை மோசமாயிடுச்சே. ஏன்?" என்று வியந்தார் ஆலோசகர்.

"குறிப்புல எழுதிக்குங்க, தண்ணி தெளிவா இருக்கு" என்றார் கமடோர். வெள்ளைக் காலணிக்குள் தண்ணீர் நுழைந்ததும், "குளிர்ச்சியாவும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

மெக்கானிக் படகுக்குள் இறங்கும் படிக்கட்டில் நின்று அவர்களைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அதன் மேலே ஐந்து வெள்ளைச் சட்டை. எத்தனை ராத்திரி எத்தனை கட்டடத்தில் ஆட்கள் லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறார்கள்! ஒருவரிடமாவது தாள் கேட்டிருப்பாரா? 'பயப்படாதீங்க, வந்துட்டேன்' என்பதுதானே முதலில் வாயில் வரும்? இங்கே அவருடைய சொந்தப் படகு கண் முன்னால் மூழ்குகிறது, கையில் ஸ்பேனர் இருக்கிறது, அவர் கைகட்டி நிற்கிறார். வெட்கமாக இருந்தது.

அப்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். காவலாளியிடம் வாங்கிய விதிப்புத்தகம் அவள் கையில் இருந்தது. முதல் பக்கத்தை விரலால் காட்டினாள்.

"என்னங்க, இத யாரும் படிக்கலியா? 'இவ்விதிகள் அலைதடுப்புச் சுவருக்கு உட்பட்ட நீர்ப்பரப்பில் மட்டும் செல்லும்.' மொத வரியே இதுதான்."

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கூப்பிடு தூரம்.

"போலாமா?" என்றாள்.

"போலாம்."

அவர் எஞ்சினைக் கிளப்பினார். ஓடும் எஞ்சின் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளுமாதலால் கசிவும் கொஞ்சம் மட்டுப்பட்டது. அவள் கயிற்றின் மேல் கை வைத்தபடி உள்ளே குனிந்து, "கெளம்பறோம், யாராவது எறங்கறீங்களா?" என்று கேட்டாள்.

"பொருள் நிரல்ல இல்லாத கேள்விய இப்போ எடுத்துக்க முடியாதும்மா" என்றார் செயலாளர்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

சுவரைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டபோதுதான் குழுவுக்கு விஷயம் விளங்கியது. ஆலோசகர், செயலாளர் மடியில் உட்கார்ந்திருந்தார். முன்மொழிபவர், திரும்பிப் போகலாம் என்று முன்மொழிந்தார். வாழ்நாளில் முதல் முறையாக யாரும் வழிமொழியவில்லை. வழிமொழிபவர் படிக்கட்டு வழியாகத் தலையை நீட்டி, வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கடத்தல்!" என்று கத்தினார் செயலாளர். "எங்க அதிகாரத்துல நாங்க…"

"அந்தச் சுவரோட அது முடிஞ்சு போச்சு சார்" என்றாள் மனைவி. "இங்க நீங்கள்லாம் எங்க விருந்தாளிங்க. பத்திரமா கொண்டுபோய் விட்டுடுவோம். கைப்பிடியப் பிடிச்சுக்குங்க."

கமடோரின் முகம் முதலில் வெளிறி, பிறகு பச்சையாகி, பிறகு நிறம் சொல்ல முடியாத ஒரு கட்டத்துக்குப் போயிருந்தது. அவள் காலி வாளியை அவர் மடியில் வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்குக் கடல் ஒத்துக்காதும்மா" என்றார் கமடோர், வாளிக்குள்ளிருந்து.

"அப்புறம் எதுக்கு சார் இந்தத் தொப்பியெல்லாம்?"

"கரையில நல்லா இருக்கும்மா." வாளியிலிருந்து தலையைத் தூக்கி, "மெத்தைக் கடையில யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க" என்றார்.

அவள் அவருடைய தொப்பியைக் கழற்றி, நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மெக்கானிக் எஞ்சினை அணைத்தார். மனைவி முன்பாயை விரித்துச் சுக்கானைப் பிடித்தாள். அவர் தண்ணீருக்குள் மண்டியிட்டு இற்ற வளையத்தைத் திருகி எடுத்தார். குழாயை உருவியதும் கட்டைவிரல் கனத்துக்குக் கடல் உள்ளே பாய்ந்தது.

"யாராவது ஒரு கை கொடுங்க! இந்த ஓட்டையப் பொத்துங்க!"

செயலாளர், ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் முன்மொழிபவரைப் பார்த்தார். வழிமொழிபவர் யாரையும் பார்க்காமல் தண்ணீருக்குள் உட்கார்ந்து, கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினார். முப்பத்தெட்டு வருட வரலாற்றில் ஒரு நிர்வாகி கிளப் வேலையில் கை நனைத்தது, விருந்துகளை நீக்கிப் பார்த்தால், அதுதான் முதல் முறை.

"வலிக்குதா சார்?"

"இல்லப்பா. கடல் தள்ளுது. நல்ல பலமா தள்ளுது" என்றார் அவர். குழந்தையின் உதையை வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர் போல இருந்தது அவர் முகம்.

மெக்கானிக் குழாய் நுனியை வெட்டினார், மாட்டினார், புது வளையத்தைப் போட்டு முறுக்கினார். ஆறு நிமிடம். ஒரு சொட்டு வரவில்லை. பிறகு ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்து எல்லோரும் இறைத்தார்கள். படகுத் தண்ணீர் கடலில் விழுந்து மறுபடி கடல் தண்ணீராயிற்று. யாரும் விசில் ஊதவில்லை. திரும்பும் வழியில் வழிமொழிபவர் சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வளைந்து வளைந்துதான் ஓட்டினார். சுவரை நெருங்கியபோது மெதுவாக, "அடுத்த சனிக்கிழமையும் போவீங்களா?" என்று விசாரித்தார்.

கரையில் கால் வைத்ததும் கமடோருக்கு நிறம் திரும்பியது. தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். குழுவும் குழுவாகிவிட்டது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். ஒன்று, 'கமடோர் தலைமையில் நடைபெற்ற வரலாற்றுச் சிறப்புமிக்க கடற்பயணத்தில் உதவியாளர்களாகப் பணியாற்றியமைக்கு' பாராட்டுப் பத்திரம். இன்னொன்று, நிர்வாகக் குழுவை அனுமதியின்றிக் கடலுக்கு அழைத்துச் சென்றதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி.

விளக்கம் கேட்கப் பொதுக்குழு கூடியது. ஆனால் அங்கே யாரும் விளக்கம் கேட்கவில்லை. வேறொரு அவசரம் இருந்தது: விதிப்புத்தகத்தின் முதல் வரி. சுவருக்கு அப்பால் கிளப்புக்கு அதிகாரமில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே! செயலாளர் எழுந்து திருத்தத்தைப் படித்தார்: "இனி கிளப்பின் அதிகாரம், மேல்மாடத்தில் நின்று பார்க்கும் கமடோரின் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் செல்லும்."

கைதட்டல் எழுந்தது. இரண்டு நாளைக்குப் படகோட்டினாலும் தீராத தூரம் என்று ஆலோசகர் கணக்குச் சொன்னார். மெக்கானிக், படகை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

கமடோர் கையெழுத்துப் போட எழுந்தார். தாளை மூக்கு வரைக்கும் கொண்டு வந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கொண்டு வந்தார். கடைசியில் மேஜை விரிப்பில் கையெழுத்துப் போட்டார். மனைவி கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையும்போது நேராக அவரிடம் போனாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போச்சு. எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. காலையில வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம். நானே கூட இருந்து பாத்துக்கறேன்."

கமடோர் நெகிழ்ந்துபோனார். "வரேம்மா. மனுஷங்க மூஞ்சியப் பாத்தே ஒரு வருஷம் ஆகுது" என்றார்.

ஆலோசகர் குறுக்கே வந்தார். "அவசரப்படாதீங்க கமடோர். உங்க கண்ணு இப்போ தனிச்சொத்து இல்ல, எல்லைக்கோடு. ஆபரேஷன் பண்ணினா எல்லை மாறும். எல்லைய மாத்தணும்னா முதல்ல துணைக்குழு போடணும்."

போட்டார்கள். ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா என்பதில் துணைக்குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆபரேஷன் என்பது பழுதா, பராமரிப்பா, மாற்றமா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. மனைவி மாதம் ஒரு முறை கமடோரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவரும் வர ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அதுவரை கமடோர் சனிக்கிழமை தவறாமல் மேல்மாடத்தில் நின்று எல்லையைக் காக்கிறார். மாடத்துக் கைப்பிடியும், அதற்குக் கீழே நாலைந்து பூந்தொட்டியும் அவருக்குத் தெரியும். மெக்கானிக்கின் படகு அங்கிருந்து அறுபது அடியில் நிற்கிறது. சென்ற சனிக்கிழமை அவர் கருவிப் பெட்டியைப் பட்டப்பகலில் திறந்து வைத்து, இறுகிக் கிடந்த அந்த வால்வைச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கிக்கொண்டிருந்தார். வழிமொழிபவர் அரைக்கால் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். மனைவி பாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மாடத்தில் கமடோர் காதைக் கூர்மையாக்கினார்.

"அங்க என்னய்யா சத்தம்?"

செயலாளர் எட்டிப் பார்த்தார். படகைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், தன் குழுவைச் சேர்ந்தவரையே பார்த்தார். புத்தகத்தைப் புரட்டி ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார்.

"தெரியலீங்க கமடோர். எல்லைக்கு வெளியே."